மேட்டில் திக்குகிற கார்

— வீட்டாண்ட ஸ்டார்ட் பண்ணா ஒழுங்கா ஓடுது பர்ஹீன். திருத்தணி பஜார்ல சுத்தினாலும் ஒண்ணும் இல்ல. இந்த அம்மையார்குப்பம் ரோட்டுல மேடு ஏறச்சொல்ல தான் திக்குது. பாரு... தோ, பாரு!

— ஆங், கேட்டுது அங்கிள். ஆக்சிலேட்டர விடாம மிதிங்க. மிதிச்சதும் ஒரு செகண்ட் யோசிக்குது, அப்புறம் ஒதறுது. எத்தினி நாளா இப்டி?

— ரெண்டு வருஷம் கீதும்மா. உங்க அப்பா ஷுக்கூர் பாய் கேட்டா திட்டுவாரு.

— அப்பா திட்டுவாரு, நான் ரிப்பேர் பண்ணுவேன். அதான் எங்க ஒர்க்‌ஷாப். ஓரமா நிறுத்துங்க, பானட்ட தொறக்கணும்.

— இன்னா பனி பாரு. மணி எட்டாவுது, திரும்பிப் பாத்தா மலையே காணோம். கோயில் மட்டும் தனியா தொங்குது. தூக்கத்துல வர்ற ரோடு மாரி கீது.

— இந்த பிளக்க பாருங்க. வெள்ளவெளேர்னு இருக்கு. எஞ்சினுக்கு பெட்ரோல் பத்தல.

— டேங்க் நெறைய கீதே?

— டேங்க்ல இருந்தா போதுமா, எஞ்சினுக்கு வரணும்ல? நேர் ரோட்டுல வர்றத வெச்சி சமாளிக்குது. மேட்டுல முடில. இதோ ஃபில்டர். பூரா துரு. ஓட்டாம நிறுத்தி வெச்சா டேங்க் துரு புடிச்சிடும் அங்கிள். வண்டிய எங்கயுமே எடுக்குறதில்லயா?

— எங்க எடுக்குறது? மூணு நாலு வாட்டி இந்த ரோட்டுக்கு எடுத்தேன். தங்கச்சி ரஞ்சிதம் வீடு மேட்டுக்கு அந்தாண்ட. திக்க ஆரம்பிச்சதும் திரும்பிடுவேன்.

— பஸ் போவுதே.

— போவுது.

— சரி, புது ஃபில்டர் மாட்டிட்டேன். டேங்க்க அப்புறமா கழட்டிக் கழுவணும். இப்போ எடுங்க.

— அடேங்கப்பா! சத்தமே இல்ல. பனி மேல மெதக்குறா மாரி போவுது... தோ, பாத்தியா! மறுபடியும் திக்குது!

— இல்ல அங்கிள். எஞ்சின் கரெக்டா இருக்கு. நீங்க கால எடுக்குறீங்க.

— நானா?

— மேடு முடியறதுக்குள்ள எடுத்துட்டீங்க. பாத்துகினே தான் இருந்தேன். என்ன ஆச்சு?

— கெணத்துத் தண்ணி சண்டைல ரஞ்சிதம் வீட்டுக்காரர பாத்து "உன் வாசப்படிய மிதிக்கமாட்டேன்"னு சொல்லிட்டேன் பர்ஹீன். அதுக்கு நாலாம் மாசம் மனுஷன் பூட்டாரு. சாவுக்குக்கூட அந்த வாசப்படிய நான் மிதிக்கல. இப்ப எந்த மூஞ்சிய வெச்சிகினு போவேன்?

— நவுருங்க. நான் ஓட்டுறேன்.

— வேணாம்மா.

— நவுருங்க அங்கிள். நான் இன்னும் ஓட்டிப் பாக்கல. எந்த வீடு?

— பச்ச கேட்டு. மெதுவா... மெதுவா போ. அதோ, அவதான் நிக்கிறா. எப்டி எளச்சிட்டா! முடியெல்லாம் நரச்சிப்போச்சு. ரஞ்சிதம்...

— வாண்ணா. உள்ள வா.

— உள்ள எப்டி வருவேன்? மச்சான் சாவுக்கே நான் வரலியேம்மா.

— வந்தியேண்ணா. அவர எடுத்த அன்னிக்கு தெருவுல ஒரு தறி சத்தம் கூட கேக்கல. மேட்டாண்ட உன் கார் நின்னு ரொம்ப நேரம் இருமிகினு இருந்துது, உள்ள அவர் தலமாட்டுல ஒக்காந்து நான் கேட்டுகினே இருந்தேன்.