முயல் சொல்லாத தலைவலி

தங்கள் நிலையத்து ரைட்டர் நல்ல மனிதர். ஆனால் வல்லினம் மிகும் இடம் அறியாதவர். ஆகையால், இன்ஸ்பெக்டர் அம்மா, இதை நானே எழுதித் தருகிறேன்.

பள்ளியில் பணியாற்றிய காலந்தொட்டு எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. அது வந்துவிட்டால் எங்கள் நாகலூரின் இளவெயில்கூடக் கண்ணுக்கு ஆகாது. என் மனைவி கலாவதிக்கோ பிறந்தது முதல் தலை வலித்ததே இல்லை. நான் சன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தால், "ஏனுங்க, மறுபடியும் நாடகமுங்களா?" என்பாள். அடுத்த வீட்டுத் தனலட்சுமியிடம், "திருத்தறதுக்குப் பரீட்சைத்தாள் இல்லீங்களே, அதான் வாத்தியாருக்குத் தலைவலி வந்துருது" என்று சொல்லிச் சிரிப்பாள். ஒருவனுடைய வலியைப் பொய் என்பது அவனையே பொய்யன் என்பதாகும். நான் பொய்யன் அல்லன்.

தலைவலியை ஆராய்வோர் எலிக்கு மருந்து கொடுத்து அவ்வலியை வரவழைக்கின்றனர் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எலி கண்ணைச் சுருக்குமாம். வெளிச்சத்தை விட்டு ஒதுங்குமாம். அதே மருந்து என் சட்டைப்பையிலேயே இருந்தது: நெஞ்சு வலித்தால் நாக்கின் அடியில் வைத்துக்கொள்ள எனக்குக் கொடுத்த மாத்திரை. மாரமங்கலத்திலிருந்து ஒரு முயல் வாங்கி வந்து, அம்மாத்திரையைக் கேரட்டில் வைத்துக் கொடுத்தேன். முயல் கண்ணைச் சுருக்கியது. கூண்டின் இருட்டு மூலையில் பதுங்கியது. அச்சு அசலாக நான். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

கலாவதியை அழைத்துக் காட்டினேன்.

"தலைதான் வலிக்குதுன்னு உங்க காதுல வந்து சொல்லுச்சுங்களா? வவுத்து வலியா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

நியாயமான கேள்வி. ஒப்புக்கொண்டேன். முயலையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வாயில்லா உயிரை வருத்துவது பாவம். சாட்சி சொல்லக்கூடிய ஓர் உயிர் வேண்டும். முன்பு தலைவலியே கண்டிராத உயிராயின் முடிவு இன்னும் தெளிவாக இருக்கும்.

அன்று மாலைக் காபியை நானே கலந்தேன்.

சற்று நேரத்தில் அவள் சன்னலைச் சாத்தினாள். தலையில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு, "ஏனுங்க, உங்களுக்கு இப்படியுங்களா வலிக்கும்? நொம்ப நாளாத் தெரியாமப் பேசிட்டனுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் மணவாழ்வில் அத்துணை இனிய மாலை வாய்த்ததில்லை. சுக்கு அரைத்து அவள் நெற்றியில் பற்றுப் போட்டேன்.

ஒரு முறை கிடைத்த முடிவை எந்த ஆராய்ச்சியாளரும் ஏற்பதில்லை. ஆகவே தொடர்ந்தேன். அவளும் நாளுக்கு நாள் அன்பானாள். தனலட்சுமி கேலி பேசியபோது, "தலைவலி வந்து பார்த்தாத்தான் தெரியுமுங்க அக்கா, சிரிக்காதீங்க" என்று எனக்காகச் சண்டை பிடித்தாள். நேற்றுத் தலை சுற்றிப் படியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டது ஒன்றே வருந்தத்தக்கது. மருத்துவர் சௌமியா கேட்டவுடன் மாத்திரையின் பெயரைச் சொல்லிவிட்டேன். மறைக்க என்ன இருக்கிறது?

ஆம், அவளறியாமல் கொடுத்தவன் நானே. ஆனால், தேறியபின் அவளை அவள் தங்கை வீட்டுக்கு அனுப்பப் போவதாகக் கூறுகிறீர்கள். இதை வன்மையாக மறுக்கிறேன். அங்கே அவளுக்குத் தலை வலித்தால், நம்புவதற்கு யார் இருக்கிறார்கள்?