ரப்பர் பேண்ட் போட்ட பாட்டில்

கார் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பெரிய வித்தை என்று யாரும் நினைப்பதில்லை, ஐயா. ஆறு மூடிகளைத் திருகித் திறக்க வேண்டும். உள்ளே தகடுகள் மூழ்கியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும், ஆசிட் ஊற்றக் கூடாது. ஆவியாகிப் போவது தண்ணீர்தான். முப்பத்தொரு வருஷமாக இதைச் செய்கிறேன். ஒரு பேட்டரியைக்கூடக் கெடுத்ததில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

கடை எனக்கும் என் சகலைக்கும் பொது. அக்காளை நான் கட்டினேன், தங்கையை அவன் கட்டினான். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். நல்ல வேலைக்காரன், வாய்தான் கொஞ்சம் நீளம்.

இரண்டு வருஷமாக என் பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. ஓரத்தில் இருப்பது தெரியும். நேரே பார்த்தால் புகை. டார்ச் அடித்துப் பார்த்தாலும் தகடு தெரியாது. ஆனால் எனக்குக் காது இருக்கிறது. தண்ணீர் ஊற்றும்போது, நிரம்பப் போகும் நேரத்தில் சத்தம் மாறும். அதை வைத்தே இம்மி பிசகாமல் நிறுத்துவேன். இந்த விஷயத்தை என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அவன் ஒருவனிடம்தான் சொன்னேன். "என் உசிரே போனாலும் வெளிய விடமாட்டேண்ணே" என்றான்.

சொன்னதோடு நிற்கவில்லை. கடையில் இரண்டு பாட்டில்கள் உண்டு. ஒன்றில் தண்ணீர், மற்றதில் புது பேட்டரிக்கு ஊற்றும் ஆசிட். இரண்டும் ஒரே அளவு. நான் மாற்றி எடுத்துவிடக் கூடாது என்று ஆசிட் பாட்டிலின் கழுத்தில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி வைத்தான். என் விரலுக்கு அது போதும். அன்றைக்கு என் கண் கலங்கிவிட்டது. கூடப்பிறந்தவன் செய்வானா இதை என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை தோறும் டாக்சி ஷெட்டுக்குப் போவோம். நாற்பது வண்டி. போன மாதம் ஷெட் மேனேஜர் என்னை வாசலிலேயே நிறுத்தினார். "நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்க பெரியவரே. கண்ணு சுத்தமா தெரியலையாமே? உங்க சகலைதான் சொன்னாரு. இனிமே அவரே பாத்துக்குவாரு." டிரைவர்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வந்து, படி இறங்க என் கையைப் பிடித்தார்.

சகலையிடம் கேட்டேன். "உங்க நல்லதுக்குத்தாண்ணே சொன்னேன்" என்றான். அவன் கை வேலையை நிறுத்தவேயில்லை. நம்பி மோசம் போனேன், ஐயா. வலித்தது. ஆனால் சண்டை போடவில்லை. மறுநாளும் அவனோடு உட்கார்ந்து டீ குடித்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கண்ணில் ஆசிட் தெறித்தால் உடனே கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்ட வேண்டும். பக்கத்தில் இருப்பவர் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைக்க வேண்டும். கேள்வி கிடையாது, வாங்கி அப்படியே கண்ணில் பீய்ச்சிக்கொள்வோம். மாதத்துக்கு ஒரு தடவையாவது நடக்கும். அவன் எனக்குக் கொடுத்திருக்கிறான், நான் அவனுக்குக் கொடுத்திருக்கிறேன்.

அதனால் நான் காத்திருந்தேன். பதினாறு நாள்.

பதினேழாம் நாள் காலையில் அவன் ஒரு பேட்டரியைச் சோதிக்கும்போது இரண்டு சொட்டு தெறித்தது. "அண்ணே, தண்ணி" என்று கையை நீட்டினான். மேசை மேல் பாட்டில்கள் இரண்டும் இருந்தன. கழுத்தைத் தடவிப் பார்த்தேன். அவன் விரலிலும் தட்டுப்படுமே என்று ரப்பர் பேண்டைக் கழற்றி என் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டேன். பிறகு பாட்டிலை அவன் கையில் வைத்தேன். என்னை நம்பி இரண்டு கண்ணுக்கும் அடித்துக்கொண்டான்.

இனி அவனுக்குப் பார்வை வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

உங்கள் ஆட்கள் கேட்டபோது அவனே சொன்னானாம்: "பாவம் சார், அண்ணனுக்குக் கண்ணு தெரியாது. பாட்டில் மாறிடுச்சு. அவர் மேல கேஸ் போடாதீங்க." என் மச்சினி என்னைத் திட்டக்கூட இல்லை. மேனேஜர் எல்லோரிடமும், நான் அப்பவே சொன்னேன் பார்த்தீர்களா என்கிறாராம். வீட்டில் என் மனைவி தட்டில் எது எங்கே இருக்கிறது என்று என் விரலைப் பிடித்துக் காட்டுகிறாள்.

அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதற்காகத்தான் நானே கிளம்பி வந்தேன். துணைக்கு ஆள் இல்லாமல், பஸ் ஏறி வந்தேன்.

இதோ அந்த ரப்பர் பேண்ட். என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், ஐயா. பாட்டில் மாறிவிட்டது என்று மட்டும் எழுதாதீர்கள். முப்பத்தொரு வருஷத்தில் நான் ஒரு தடவைகூடப் பாட்டிலை மாற்றி எடுத்ததில்லை.