சாம்பல் ஆந்தை அடிக்காது

இந்த ஏலக்காய் ரொட்டி கடையில் வாங்கியதாக இருக்காது. கடைக்காரன் இவ்வளவு வெண்ணெய் போட மாட்டான். நீங்களே சுட்டீர்களா அம்மா? சொல்லக் கூடாது என்றால் விட்டுவிடுங்கள். பல் மருத்துவனாக இருந்த பழக்கம் இது. நாற்காலியில் வந்து உட்காருபவரிடம் முதலில் சம்பந்தமில்லாத எதையாவது பேசுவேன். தோள் கொஞ்சம் தளர்ந்த பிறகுதான் வாயைத் திறக்கச் சொல்வேன். இன்று நாற்காலி எனக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான்.

மேசைமேல் நீங்கள் வைத்திருக்கும் இறகைப் பார்த்தேன். என் நண்பன் இல்போவின் சட்டை ஜிப்பில் சிக்கியிருந்தது என்கிறீர்கள். விபத்து நடந்த அன்று உங்கள் போலீஸ்காரர்களிடம் நான் பழுப்பு ஆந்தை என்று சொன்னேன். இந்த இறகு சாம்பல். மறுத்துப் பேசி உங்கள் வேலையைக் கெடுக்க மாட்டேன். வியாழக்கிழமை வேறு, வாரந்தோறும் போல் கீழே உணவகத்தில் பட்டாணி சூப் மணக்கிறது. எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆந்தையிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

பின்லாந்தின் தெற்குப் பகுதியில்தான் எங்கள் காட்டாந்தை குளிரைத் தாங்கிப் பிழைக்கிறது. அதில் இரண்டு நிறம் உண்டு. ஒன்று பழுப்பு, மற்றது சாம்பல். ஒரே இனம்தான். ஒரே கூட்டில் இரண்டும் பிறக்கும். பனி அதிகமாகக் கொட்டிய வருஷங்களில் பழுப்பு குறைந்துபோகும், சாம்பல் தாக்குப்பிடிக்கும். இதை எங்கள் வளையக்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். ஆந்தை முட்டையிட மரத்தில் பெட்டி கட்டி, வசந்தத்தில் ஏணி போட்டு ஏறி, குஞ்சுகளின் காலில் அடையாள எண் போட்ட வளையம் மாட்டுகிறவர்களைத்தான் சொல்கிறேன். எங்கள் ஊர்ச் சங்கத்தில் பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். மீதிப் பேர் மனைவியின் பேச்சிலிருந்து ஓய்வு தேடுகிறவர்கள்.

நான் கண்டுபிடித்தது குணத்தைப் பற்றியது. பழுப்புத் தாய் தாக்கும். சாம்பல் தாய் பொறுத்துக்கொள்ளும். பெட்டிக்குள் கையை விட்டால் சாம்பல் அசையாமல் உட்கார்ந்திருக்கும், முட்டையோடு சேர்த்துத் தூக்கலாம். பழுப்பு வெளியே பாய்ந்து, சத்தமே இல்லாமல் சுற்றி வந்து முகத்தைப் பார்த்து அடிக்கும். ஆந்தை அடித்துக் கண் போனவர்கள் உண்டு. அதனால்தான் மரம் அறுப்பவர்கள் போடுகிற கம்பிவலைக் கவசத்தை நாங்களும் போட்டுக்கொள்வோம். போட்டால் வியர்க்கும், வளையத்தின் எண் சரியாகத் தெரியாது. என் விதி வந்த பிறகு அந்தத் தொல்லை பாதியாகக் குறைந்தது. கீழே நிற்பவன் நீளக் கம்பின் நுனியில் கண்ணாடியைக் கட்டிப் பெட்டிக்குள் பார்ப்பான். நிறத்தைச் சொல்வான். பழுப்பு என்றால் கவசம். சாம்பல் என்றால் வெறும் முகம். எங்கள் ஊரில் வேறெதையும் கேட்பதில்லை. சங்கத்தில் அதை அர்மாஸ் விதி என்றே சொல்வார்கள். என் பெயரை அப்படிச் சொல்லக் கேட்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வாழ்நாள் முழுக்க என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்ட ஊர் இது.

எந்த விதிக்கும் சில தொந்தரவுகள் இருக்கும். சோம்பேறிப் பழுப்பு ஒன்று, முரட்டுச் சாம்பல் ஒன்று என்று அவ்வப்போது வரும். அவற்றை நான் எடுத்துவிட்டேன். எடுத்தேன் என்றுதான் சொல்வேன், அது என் தொழில் வார்த்தை. வலையை வைத்துப் பிடித்து, கழுத்தில் சரியான இடத்தில் விரலை வைத்தால் ஒரு பால் பல்லை எடுக்கும் நேரம்கூட ஆகாது. என்னைக் கொடுமைக்காரன் என்று நினைக்காதீர்கள். தாயில்லாத குஞ்சுகளை ஒருநாளும் பட்டினி போட்டதில்லை. வேறு பெட்டிகளில் கொண்டுபோய் வைத்தேன். எல்லாம் நன்றாக வளர்ந்து பறந்தன. தாய்கள் என் வீட்டு உறைபெட்டியில், அவுரிநெல்லிப் பைகளுக்கு அடியில் இருக்கின்றன. உங்கள் ஆட்கள் போனால் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். பழுப்பு இடது பக்கம், சாம்பல் வலது பக்கம்.

இல்போவைப் பற்றி நீங்கள் விசாரித்திருப்பீர்கள். டிராக்டர் விற்றவன். அவனுடைய கடைவாய்ப் பல் இரண்டை நானே பிடுங்கியிருக்கிறேன், காசு வாங்கியதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து நண்பர்கள். ஏணியில் ஏற ஒருவன், கீழே பிடிக்க ஒருவன் என்று எங்கள் வசந்தங்கள் எல்லாம் அப்படித்தான் போயின. அவன் உரக்கப் பேசுவான். நான் பேச மாட்டேன். சரியான ஜோடி என்று என் மனைவி உயிரோடு இருந்தபோது சொல்வாள்.

ஏப்ரல் கடைசியில் அவன் வீட்டு ஏரிக்கரைச் சௌனாவில், நீராவிக் குளியல் அறையில் உட்கார்ந்திருந்தோம். சூடான கல்லின்மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு, ஆவி இறங்கும் வரை பொறுத்திருந்து சொன்னான்.

"ஏன்டா அர்மாஸ், உன்னை எதிர்த்துப் பேசுற ஆந்தையெல்லாம் செத்துப்போவுதே, கவனிச்சியா?"

"குளிருடா."

"மே மாசத்துல என்னடா குளிரு? போன வருஷம் ஆலைக்குப் பக்கத்துல ஒரு சாம்பல் என் தொப்பியைப் பிடுங்கிட்டுப் போச்சு. உங்கிட்ட சொன்னேன். அடுத்த வாரம் போனா பெட்டி காலி. அதுக்கு முந்தின வருஷமும் இதே கதை."

நான் தண்ணீர் மொள்ளும் அகப்பையை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

"நீ டாக்டர் வேலையையே இங்கயும் பாக்கறடா," என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "ஆடுற பல்லையெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு, பாரு வாயில எல்லாமே கெட்டிப் பல்லுங்கற."

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"சொல்லலை. முதல்ல எல்லாப் பெட்டிக்கும் கேமரா வெச்சுடலாம். ஒரு வருஷம் நடக்கறது நடக்கட்டும். அப்புறம் சங்கத்துல நானே எழுந்து, விதி சரியில்லன்னு சொல்லிடறேன். நீ கோவிச்சுக்காதே."

"கோவம் என்னடா இதுல," என்றேன்.

கோபம் இருந்தது. இரவல் வாங்கிய கார் மாதிரி என் பெயரைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்கிறான் என்று தோன்றியது. ஆனாலும் அன்று சாசேஜ் சுட்டுக் கடுகு தொட்டுச் சாப்பிட்டோம். அவன் மகள் சைமி வந்தாள். மருத்துவமனையில் நர்ஸ். என்னை மாமா என்று கூப்பிடுவாள். "மாமா, ரெண்டு பேரும் ஏதோ சண்டை போட்ட மாதிரி உக்காந்திருக்கீங்க," என்றாள். பசி என்று சொல்லிச் சமாளித்தோம்.

குட்டைக்கு மேலே பாறைச் சரிவில் ஒரு பெட்டி இருக்கிறது. இல்போ வருவதற்கு முந்தின வாரம் நான் தனியாகப் போய்க் கண்ணாடியில் பார்த்தேன். சாம்பல் தாய். ஏணியை வைத்த சத்தத்துக்கே பறந்து வந்து என் காதைக் கிழித்தது. இதோ, இந்தத் தழும்புதான். ரோஜாச் செடி கிழித்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். குஞ்சு கொஞ்சம் பெரிதான பிறகு அந்தத் தாயை எடுத்துவிடலாம் என்று விட்டுவைத்திருந்தேன்.

அதற்குள் இல்போவோடு அங்கே போகும்படி ஆயிற்று. நல்ல வெயில். அவன் கவசத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் கம்பைத் தூக்கிக் கண்ணாடியில் பார்த்தேன்.

"என்ன நிறம்?"

"சாம்பல்."

"உக்காந்திருக்கா?"

"உக்காந்திருக்கு."

இரண்டும் உண்மை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவன் கவசத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சௌனாவில் பேசியது அவனை உறுத்தியிருக்க வேண்டும். என்னை நோகடித்துவிட்டோம் என்று நினைத்திருப்பான். அவன் மனசு அப்படித்தான். "சரிடா, இன்னைக்கு உன் விதியை நம்பறேன்," என்று கவசத்தைப் பாசிமேல் வைத்துவிட்டு ஏறினான். அந்த நேரம் எனக்கு அவன்மேல் உண்மையான பிரியம் வந்தது. தடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். தடுத்தால் என்ன காரணம் சொல்வது? என் விதியை நானே பொய் என்று சொல்ல வேண்டியிருக்கும். சாம்பல் அடங்கி உட்கார்ந்திருந்தால் விதி ஜெயிக்கும். அடித்தால் அது அந்தப் பறவைக்கும் அவனுக்கும் நடுவில் உள்ள விஷயம். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன், கெட்டியாக.

அது வந்ததை நான் பார்த்தேன். சத்தம் கேட்கவில்லை, கேட்காது. அவன் இரண்டு கையையும் முகத்துக்குக் கொண்டுபோனான். ஏணியைப் பிடிக்க மூன்றாவது கை யாருக்கும் கிடையாது.

பாறைமேல் விழுந்தான். உயிர் இருந்தது. ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"சாம்பல்டா, அர்மாஸ்," என்றான். "சாம்பல்தான் அடிச்சுது."

"பாத்தேன்."

"போன் போடு."

போன் என் பையில்தான் இருந்தது. என் கம்பளிச் சட்டையைக் கழற்றி மடித்து அவன் தலைக்குக் கீழே வைத்தேன். பிறகு ஏணியில் ஏறினேன். கவசத்தைப் போட்டுக்கொண்டுதான் ஏறினேன். பறவையைப் பிடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று, அது மிகவும் பயந்துபோயிருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து பார்க்கும்போது பெட்டியில் சாம்பல் இருந்தால் ஊர் முழுக்கப் பேசுவார்கள் இல்லையா? பறவையை எடுத்தேன். குஞ்சுகளைச் சட்டைக்குள் வைத்துக் காருக்குக் கொண்டுபோனேன். திரும்பி வந்தபோது இல்போ பேசவில்லை. அதன் பிறகு போன் செய்தேன். பழுப்பு ஆந்தை அடித்தது, கவசம் போடாமல் ஏறிவிட்டான் என்று சொன்னேன். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று மருத்துவர் சொன்னதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆமாம், அவனை நான்தான் கொன்றேன். அப்படி எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அடக்கத்துக்குப் பிறகு காப்பி கொடுத்தபோது எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பழுப்பு என்று தெரிந்தும் கவசத்தைக் கழற்றினானே, இல்போ எப்பவும் இப்படித்தான், அர்மாஸ் சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்றார்கள். சைமி மட்டும் அப்பாவின் பெட்டிகளை இனிமேல் தானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். நல்ல பெண். அவளுக்கு எந்தக் கெடுதலும் வரக் கூடாது என்று அன்றே நினைத்துக்கொண்டேன்.

இன்று காலை இங்கே கிளம்பும்போதுகூட போன் செய்தாள். "மாமா, அப்பா விட்ட பெட்டி ஒண்ணு பாக்கி இருக்கே, படகுத்துறைக்கு மேல. நீங்க பாத்தீங்களா? உள்ள என்ன நிறம்?" என்றாள். நேற்றுதான் கண்ணாடியில் பார்த்திருந்தேன். இந்த வருஷம் புதிதாக வந்த தாய், இன்னும் வளையம்கூட இல்லை. சாம்பல்மா என்றேன். அப்பாவுக்கு ஆனதை நினைத்துப் பயந்துகொண்டு கவசத்தோடு ஏறாதே, வலை மறைத்து எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் தடுமாறுவாய் என்றேன். "சரி மாமா, மதியம் தனியாவே போய்ட்டு வந்துடறேன்," என்றாள்.

ஏன் எழுந்துவிட்டீர்கள் அம்மா? யாருக்குப் போன் செய்கிறீர்கள்? நான் இன்னும் முடிக்கவில்லை. அவளைப் பற்றிக் கவலையே வேண்டாம், நான் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். அது சாம்பல் ஆந்தை. சாம்பல் இதுவரை யாரையும் அடித்ததில்லை.