மடியில் ஒரு திறந்த பூட்டு

சின்ன வெங்காயம் உரித்தால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வருவதில்லை, இன்ஸ்பெக்டர் அம்மா. எங்கள் தெருவில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் வெங்காயக் கூடை லூர்தம்மாள் முன்னால்தான் வந்து நிற்கும். உரிக்கிற இடத்தில் ஊர்க்கதை வராமல் இருக்குமா? எனக்கு நாலு விஷயம் கூடத் தெரிகிறது என்றால் அது என் குற்றமில்லை.

தமிழ்மதி என் மாடியில் குடியிருக்கிற ஓவிய டீச்சர். ஒரு பெண்ணை உட்காரவைத்து வரையப்போகிறாள் என்று கேள்விப்பட்டதும் சுங்கடிச் சேலை கட்டி, பூ வைத்து, மாடியேறினேன். நாற்காலியில் ஏற்கெனவே பக்கத்து வீட்டுச் சகாயராணி உட்கார்ந்திருந்தாள். முகத்துப் பவுடரைக்கூடத் துடைத்திருந்தாள். அடுப்பில் வேலை கிடக்கிறது என்று இறங்கிவிட்டேன்.

முடிந்த பிறகு படத்தைப் பார்த்தேன். முகமா அது? கன்னம் நீலம், தாடை பச்சை, கழுத்தெல்லாம் மஞ்சள். முதுகுக்குப் பின்னால் சுவர் நிறைய ஒரு நிழல். மடியில் வாய் திறந்த ஒரு பூட்டு. எங்கள் மாதா கோயிலில் புனிதர் சுரூபத்தின் கையில் இருப்பதை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். திறவுகோல் என்றால் இராயப்பர், லீலிப்பூ என்றால் சூசையப்பர். பூட்டு வைத்திருக்கிற புனிதையை நான் பார்த்ததில்லை. யாரென்று கேட்டேன்.

தமிழ்மதி மறைக்கவில்லை. அடிபட்ட தோல் முதலில் நீலமாகும், பிறகு பச்சை, ஆறும்போது மஞ்சள். சகாயராணியின் புருஷன் ஸ்டீபன்ராஜ் அடித்த புது அடியும் பழைய அடியும்தான் அந்த நிறங்கள் என்றாள். நிழலும் அவன்தான்.

"அந்தப் பூட்டு நீங்கதான்க்கா. அவன் கைய ஓங்குனா ஒங்க கொல்லைக் கதவு வழியாத்தான அவ தப்பிச்சு வாரா. நீங்க அதப் பூட்டுறதே இல்லையே."

பெரிய மரியாதை செய்துவிட்ட மாதிரி சிரித்தாள். அடி வாங்கியவளுக்கு முகம். கதவைத் திறந்துவைத்தவளுக்குத் துருப்பிடித்த பூட்டு. நானும் சிரித்துவைத்தேன்.

படத்தை ஒரு கண்காட்சியில் மாட்டினார்கள். உன் பெண்டாட்டி அங்கே தொங்குகிறாள் என்று வெங்காய மண்டியில் யாரோ ஸ்டீபன்ராஜைச் சீண்டியிருக்கிறார்கள். அர்த்தம் சொல்ல என்னைக் கூட்டிப்போனான். தெருவில் எதற்கும் அர்த்தம் சொல்வது யார் என்று அவனுக்குத் தெரியாதா? படத்தின் முன்னால் செத்த நேரம் நின்றான்.

"இதுல நான் எங்கக்கா இருக்கேன்?"

"நீ இல்லப்பா. பின்னால நிக்கிற நெழலப் பாரு. மீசை இருக்கா?"

அவன் தன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். கழுத்தில் இருப்பது புதுப்பெண் பூசுகிற மஞ்சள் என்றேன். பூட்டு திறந்திருக்கிறது, கிளம்பத்தான் போகிறாள் என்றேன். ஒவ்வொரு நிறத்தையும் விரல் நீட்டி, நிதானமாகத்தான் சொன்னேன். அவன் பைக்கை எடுத்துக்கொண்டு கடைப்பக்கம் போனான். எந்தக் கடை என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

ஷேர் ஆட்டோ பிடித்து அவனுக்கு முன்னால் நான் வந்துவிட்டேன். சகாயராணி கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். படம் எப்படியிருக்கிறது என்று கேட்டாள். நல்லாயிருக்கு என்றேன். அதுவும் பொய்யில்லை. பிறகு உள்ளே போய், பீரோவுக்கு மேலே கிடந்த பூட்டைத் தேடி எடுத்து, எண்ணெய் விட்டு, கொல்லைக் கதவை என் பக்கமாகப் பூட்டினேன்.

பைக் சத்தம் கேட்டபோது வெங்காயம் உரிக்க உட்கார்ந்திருந்தேன். முதலில் அவன் குரல். பிறகு கொல்லையில் ஓடி வருகிற சத்தம்.

"லூர்தக்கா, தெறங்கக்கா. பூட்டிருக்கு போலக்கா."

அவளால் நம்பவே முடியவில்லை. கதவை இடித்தாள், தள்ளினாள், மறுபடி என் பெயரைச் சொன்னாள். சாவி என் இடுப்பில் இருந்தது. கூடையில் பாதி மிச்சமிருந்தது. எல்லாம் உரித்து முடிப்பதற்குள் கொல்லை அமைதியாகிவிட்டது.

அடக்கப் பூசைக்குப் பூ வாங்கிக் கொடுத்தது நான்தான், விசாரித்துக்கொள்ளுங்கள். கொன்றவன் உங்களிடம் இருக்கிறான். நான் என் வீட்டுக் கதவை என் பூட்டால் பூட்டினேன். தமிழ்மதிதான் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். உங்கள் ஸ்டேஷனுக்கு அவள் வந்தால் ஒன்று மட்டும் சொல்லுங்கள். மடியில் இருக்கிற அந்தப் பூட்டை மூடினமாதிரி திருத்தி வரையட்டும். என்னை வரைந்தது என்றால் என்னை மாதிரி இருக்க வேண்டாமா?