சுற்றிப் பார்க்கப் போகிறவன் சட்டை

— கறுப்புக் கண்ணாடிய மூக்குல மாட்டாதடா. சட்டைப் பட்டன்ல தொங்க விடு. கட்டடத்துக்குள்ள அதைப் போட்டுக்கிட்டு நிக்கறவன் முதல் தடவை பிளேன் ஏறறவன்.

— எனக்கு முதல் தடவை மாதிரிதானேக்கா.

— ரெண்டாவது. போன வருஷம் அந்த நாட்டு பாஸ்போர்ட் ஜன்னல் வரைக்கும் போனியே.

— போனேன். அடுத்த பிளேன்லயே திருப்பி அனுப்பிட்டாங்க.

— ஏன் அனுப்பினாங்க? தலையிலேர்ந்து கால் வரைக்கும் புதுசு. சட்டையில கடை மடிப்பு, ஷூ அடியில ஸ்டிக்கர். ஊர் சுத்தறவன் அப்படியா போவான்? ஒன்பது வருஷமா ஏர்போர்ட்ல தரை துடைக்கறேன். நான் யார் மூஞ்சியையும் பாக்கறதில்ல, காலத்தான் பாப்பேன். அங்கேர்ந்து திருப்பி அனுப்பி வர்றவங்க ஷூ அத்தனையும் பளபளன்னு இருக்கும்.

— அதுக்காக இந்தச் சட்டைய ஒரு வருஷமா துவைச்சுத் துவைச்சு...

— நாப்பத்தோரு தடவை. இப்பத்தான் காலர் பணிஞ்சிருக்கு. முழங்கையில சுருக்கம் விழட்டும்னு நானே போட்டுக்கிட்டு படுத்தேன்.

— பைத்தியம்க்கா நீ.

— ஆமா, முத்திப்போச்சு. கைய நீட்டு. ரெண்டு மடிப்பு போதும். மேல போனா வெல்டிங் பொறி பட்ட தழும்பெல்லாம் தெரியும்.

— கழுத்துல என்ன இது, துண்டா?

— துண்டுன்னு சொல்லாத, மானம் போகுது. ஸ்டைலுடா. குளிருக்கு இல்ல, சும்மா.

— பட்டறையில பாத்தா சிரிச்சே செத்துருவாங்க.

— பட்டறைய மற. அஞ்சு மணிக்கு வண்டி வந்துரும். ஜன்னல்ல கேக்கற மாதிரி கேக்கறேன், சொல்லு. எத்தனை நாள் தங்கப் போறே?

— ஏழு நாள்.

— எதுக்கு வந்தே?

— மியூசியம். ஆத்தங்கரை. பழைய பாலம்.

— எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி சொல்லாத. கொஞ்சம் சிரி.

— நான் போயிட்டா இந்த ஒத்தை ரூம்ல யாரோடக்கா சண்டை போடுவ?

— சுவத்தோட. அதுவாவது எதிர்த்துப் பேசாது. டேய், அம்மா போனப்ப உனக்கு நாலு வயசு. அப்பலேர்ந்து உன்ன எப்படியாவது கரையேத்தணும்னு ஒரே நினைப்பு எனக்கு. நான் துடைக்கற தரைமேல நடந்து நீ அந்தப் பக்கம் போய்ச் சேரணும், அங்க ஒரு வேலை தேடிக்கணும். அவ்வளவுதான். போன தடவை அந்தச் சட்டைய எடுத்தது நான். நான்தான் கெடுத்தேன். ஒரு வருஷமா நிம்மதியாத் தூங்கினதில்ல.

— உன் தப்பில்லக்கா.

— வேற யார் தப்பாம்? நிமிந்து நில்லு. தோளைத் தொங்கப் போடாத.

— அக்கா, ஜன்னல்ல இருந்த அந்த ஆள் என் சட்டையப் பாக்கவே இல்ல. முத்திரை குத்தக் கையத் தூக்கிட்டாரு. நான்தான் குத்தாதீங்கன்னேன். வேலை தேடி வந்தவன், அங்க அக்கா தனியா இருக்கா, என்னைத் திருப்பி அனுப்பிடுங்கன்னு நானேதான் கெஞ்சினேன்.