தலைவர் இறங்கி வருகிறார்

— முழங்காலை மடியுங்கோ யோகராஜா அண்ணை. விறைச்சுக்கொண்டு நிண்டா பனிச்சறுக்குப் பலகை ஓடும். முன்நுனி ரெண்டையும் கிட்டக் கொண்டுவந்து, பின்பக்கத்தை அகட்டுங்கோ. உள்விளிம்பிலை பாரத்தைப் போடுங்கோ. தானா மெதுவாகும்.

— பாலேந்திரா, பத்து மணிக்குத் தலைவர் தெரிவு, நான் மண்டபத்திலை நிக்கவேணும். பத்துக்கு வராதவர் தலைவராக ஏலாது. சங்கத்தின்ர சட்டவிதி, யாப்பிலை இருக்கு.

— யாப்பை எழுதினதே நீங்கள்தானே.

— அது ஞானரட்ணத்தைப் போட்டியிலை இருந்து வெட்ட எழுதினது. அவன் லண்டனின்ர மற்றக் கரை, எட்மண்டனிலை இருந்து வாறவன், எப்பவும் பிந்தித்தான் வருவான்.

— இந்தப் பனிக்குள்ளை ட்ரெயினும் இல்லை, பஸ்ஸும் இல்லை. அவர் வரமாட்டார். பிறகென்ன அவசரம்? ஆறுதலா.

— அதுவும் சரிதான். பிடியும் தம்பி, ஓடுது.

— இன்னும் அகட்டுங்கோ. ஏலாட்டி ஒருபக்கமாச் சரிஞ்சு இருந்துவிடுங்கோ.

— தோர்ண்டன் ஹீத் தமிழ்ச் சங்கத் தலைவர் நடுறோட்டிலை இருக்கிறதோ? உமக்கு இதெல்லாம் ஆர் பழக்கினது?

— நோர்வே அகதி முகாமிலை ஒரு வெள்ளைக்காரி. முதல் நிப்பாட்டப் பழகு, பிறகு ஓடலாம் எண்டவ. எங்கட சங்கத்திலை பதவியிலை ஏறத்தான் எல்லாருக்கும் தெரியும்.

— நக்கலோ? போனமுறை பதவி தரேல்லை எண்ட கோவம் இன்னும் போகேல்லைப் போல. வந்து ஒரு வருசம் ஆகாதவருக்குத் தரேலாது. யாப்பிலை இருக்கு.

— நான் அதை மறந்திட்டன் அண்ணை. இனிச் செங்குத்து. பலகையைக் குறுக்க வைச்சு, பக்கவாட்டா ஒவ்வொரு அடியா இறங்குங்கோ.

— இப்பிடி இறங்கினா அடுத்த பொங்கலுக்குத்தான் போய்ச் சேருவம். கலாவதி விடியவே மதிலைப் பிடிச்சுப் பிடிச்சு நடந்து போயிட்டா.

— அக்கா இவ்வளவு வெள்ளண என்னத்துக்கு?

— தேத்தண்ணி போடத்தான். வருசா வருசம் அவதானே. அதுக்கு யாப்பு வேண்டாம்.

— போகேக்கை என்னட்டைச் சொன்னவ. அவருக்கு முழங்கால் கூடாது, விழுத்திப்போடாமல் ஆறுதலாக் கூட்டிக்கொண்டு வாரும் எண்டு.

— பாத்தீரோ, என்ர மனுசியின்ர கரிசனையை.

— அந்தா மண்டபம். அக்கா வாசலிலை நிக்கிறா.

— கலாவதி, நேரம் என்ன?

— பத்தரை. பாத்து வாங்கோ, படி வழுக்கும்.

— நான் இல்லாமல் கூட்டம் தொடங்கியிருக்காது.

— தொடங்கி முடிஞ்சுது. பத்துக்கு வந்து நிண்ட சனம் என்னைத் தலைவராக்கிப்போட்டுது.

— நீயோ?

— யாப்பிலை இருக்காமே. தேத்தண்ணி இன்னும் ஊத்தேல்லை, கேத்தில் அடுப்படியிலை இருக்கு. பாலேந்திரா, சொன்னமாதிரியே கூட்டி வந்திட்டீர். உள்ளை வாரும், செயலாளர் கதிரை உமக்குத்தான்.