ரவுண்டானா வெள்ளோட்டம்

— மறுபடியும் விட்டுட்டீங்களே மேடம். அதுதான் முனிசிபல் ஆபீஸ் ரோடு.

— தெரியுது மாஸ்டர். கவுன்சிலருக்கு ஆபீஸ் ரோடு தெரியாதா? திரும்பறதுக்குள்ள ஒரு பஸ்காரன் மூக்கை நுழைச்சுட்டான்.

— நீங்க ஏன் நின்னீங்க?

— நடுவுல அடுக்கின டிரம்ல போர்டு தொங்குதே, வழி விடவும்னு. போர்டைப் பார்த்து ஓட்டுங்கன்னு ஒரு மாசமா என் காதுல ஓதினது யாரு?

— அது சரி. கிளட்ச், கிளட்ச்... நிதானம். ஸ்டியரிங்கை ஒரு நிமிஷம் நான் பிடிச்சுக்கட்டுமா? வெளியே எடுத்து விட்டுடறேன்.

— தொட்டீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும். வண்டி ஓட்டத் தெரியாதவங்க எல்லாம் ரோட்டைப் பத்திப் பேச வந்துட்டாங்கன்னு நகராட்சித் தலைவர் சபையில என்னைப் பார்த்துச் சிரிச்சார். அந்த ரோஷத்துலதான் உங்ககிட்ட டிரைவிங் கத்துக்கச் சேர்ந்தேன். இன்னிக்கு ஓட்டெடுப்புக்கு நானே வண்டியை எடுத்துக்கிட்டுப் போய் அவர் கண்ணு முன்னாடி இறங்கணும்.

— இறங்கலாம் மேடம். முதல்ல இதுக்குள்ளேருந்து வெளியே வரணும். ஓட்டெடுப்பு எத்தனை மணிக்கு?

— பதினோரு மணிக்கு. பாதிப் பேர் ரவுண்டானா, பாதிப் பேர் சிக்னல். நான் போய்ச் சேரலைன்னா சிக்னல் ஜெயிச்சுரும். வெள்ளோட்டம் பார்க்கலாம்னு இந்தத் தார் டிரம்மையெல்லாம் நடு ரோட்டுல அடுக்க வெச்சதே நான். அதையே சுத்திக்கிட்டிருந்து தோத்தேன்னா ஊரே சிரிக்கும்.

— ஊரே இங்கதான் நிக்குது மேடம். இப்ப ஒரு வண்டியும் நகரலை.

— பின்னாடி யாரு, ஹாரன் மேலேயே ஏறி உக்காந்திருக்கறது?

— வெள்ளைக் கார். கதவைத் திறந்து ஒருத்தர் இறங்கி வர்றார். மேடம், தலைவர்.

— ஐயோ. கண்ணாடியை ஏத்துங்க.

— ஏத்தினா தட்டுவாரு.

— வணக்கம் தங்கச்சி. நான் அன்னிக்கே சொன்னேன். சிவப்புன்னா நில்லு, பச்சைன்னா போ. எவ்வளவு சுலபம். கேட்டியா?

— வாங்க தலைவரே. கரண்ட் போனா உங்க சிக்னல் என்ன பண்ணும்? இல்ல, ஆளே இல்லாத ரோட்டுல சிவப்பைப் பார்த்துக்கிட்டு பேயாட்டம் நிக்கணுமா?

— இப்ப மட்டும் என்னவாம், பட்டப்பகல்ல பேயாட்டம்தானே நிக்கறோம். என் டிரைவர் அப்போலேருந்து உன் பின்னாலேயே வர்றான். ரவுண்டானா கேட்டவங்களுக்கு வெளியே போற வழி தெரிஞ்சிருக்கும்னு நம்பினானாம்.

— இருங்க, கொஞ்சம் யோசிக்க விடுங்க. உள்ளே இருக்கற நாம நிக்கறோம். வெளியிலேருந்து வர்றவன் நிக்காம நுழையறான். இறங்கறவங்களை விடாம ஏறிக்கிட்டே இருந்தா பஸ் என்ன ஆகும்? மாஸ்டர்.

— சொல்லுங்க மேடம்.

— அந்த போர்டெல்லாம் உங்க டிரைவிங் ஸ்கூல் உபயம். ஒவ்வொரு ரோட்டு வாயிலயும், உள்ளே வர்றவங்க பார்க்கற மாதிரி வைக்கத்தானே சொன்னேன்? டிரம்ல ஏன் தொங்குது?

— அது வந்து மேடம்... கீழே எங்க ஸ்கூல் போன் நம்பர் இருக்குல்ல. ரோட்டு வாயில வெச்சா விர்ருன்னு தாண்டிருவாங்க. உள்ளே சுத்தறவங்கன்னா நிதானமா படிப்பாங்கன்னு பார்த்தேன்.

— படிச்சாங்களா?

— நல்லாவே படிச்சாங்க. இந்த வாரம் புதுசா சேர்ந்தவங்களுக்கு வண்டி பத்தலை.

— இறங்குங்க. எல்லாத்தையும் கழட்டி ரோட்டு வாயில கொண்டுபோய் நிறுத்துங்க.

— பாடம் நடக்கும்போது மாஸ்டர் இறங்கக் கூடாது மேடம். லைசன்ஸ் உள்ளவங்க பக்கத்துல இல்லாம நீங்க வண்டியை நகர்த்தினா தப்பு.

— தலைவர்கிட்ட லைசன்ஸ் இருக்கு. தலைவரே, ஏறுங்க.

— எல் போர்டு வண்டியிலயா? நானா?

— நடு ரோட்டுல நின்னு பேசறதுக்கு உள்ளே உக்காந்து பேசுங்க. உங்க கால்கிட்ட இன்னொரு பிரேக் இருக்கும். தொடாதீங்க.

— என்னமோ போ. நான் அன்னிக்கே சொன்னேன், இந்த டிரம்மெல்லாம் நமக்கு ஒத்து வராதுன்னு... உன் மாஸ்டர் என்ன, போர்டைத் தூக்கிக்கிட்டு இந்த ஓட்டம் ஓடறாரு?

— போன் நம்பரைக் காப்பாத்தணும்ல. கடைசி போர்டும் வெச்சாச்சு. பாருங்க, அந்த பஸ்காரன் நின்னுட்டான். வெளியிலயே நின்னு நமக்கு வழி விடறான்.

— அட. லாரி வெளியே போயிருச்சே. ஆட்டோ போயிருச்சு. ஏய், அது என் கார். டேய், என்னை விட்டுட்டு எங்கடா போறே?

— வழி கிடைச்சா யாரு தலைவரே நிப்பாங்க? கெட்டியா பிடிச்சுக்குங்க, திரும்பறேன்.

— மெதுவா, மெதுவா.

— பிரேக்கைத் தொடாதீங்கன்னேன்.

— கால் தானா போகுது தங்கச்சி. அடேங்கப்பா. நிஜமாவே நகருது. நான் அன்னிக்கே...

— அன்னிக்கே என்ன சொன்னீங்க?

— ஒண்ணும் சொல்லலை. ரோட்டைப் பாரு.

— வந்தாச்சு, ஆபீஸ் ரோடு. இந்த முக்குல ஒரு சிக்னல் கம்பம்கூட நட விடமாட்டேன்னு சபையில சொன்னேன்ல? ஓரமா நிறுத்தறேன், நல்லா திரும்பிப் பார்த்துக்குங்க.

— பார்த்துட்டேன். தோத்தா ஒத்துக்கறவன் நான். ரவுண்டானாவுக்கே கையைத் தூக்கிடறேன், போதுமா? ஆமா, மாஸ்டர் எங்கே?

— மாஸ்டர், வாங்க. நேரமாச்சு.

— எப்படி மேடம் வர்றது? போர்டுக் கம்பியை வெட்டின கட்டிங் பிளேயரை டிரம் மேல மறந்து வெச்சுட்டேன்னு எடுக்க வந்தேன். நடுவுலயே மாட்டிக்கிட்டேன். ஒருத்தனும் நிக்க மாட்டேங்கறான்.

— கையைக் காட்டுங்க.

— காட்டிட்டேன். அவங்களும் கையாட்டிட்டுப் போறாங்க.

— தங்கச்சி, அவரை விடு. அந்தப் பக்கம் பாரு. கைக்குழந்தையோட ஒரு அம்மா, ஊன்றுகோலோட ஒரு பெரியவர், பின்னால பள்ளிக்கூடப் பிள்ளைங்க. காலை எடுத்து வைக்க முடியாம அப்படியே நிக்கறாங்க.

— ஆமா, அவங்களுக்கு வழி விடச் சொல்ல ஒரு போர்டும் இல்லையே.

— மணி ஆகுது. ரவுண்டானாதானே? போலாமா?

— இருங்க தலைவரே. நடக்கறவங்களுக்குன்னு ஒரே ஒரு சிக்னல் கம்பம் கேட்டா, சபையில என்னைப் பார்த்துச் சிரிக்காம இருப்பீங்களா?